கபடி ஆடியவர்களை ரக்பிக்குத் தயார் செய்வது: சீசனுக்கு முந்தைய எட்டு வாரம்

இது ஏழு பேர் ரக்பி ஆடும் உள்ளூர் கிளப்புகளுக்கான வழிகாட்டி. வாரத்தில் மூன்று நாள், பதினைந்து இருபது பேர், சம்பளம் வாங்காத ஒரு மாஸ்டர், பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த காடோ ஏதாவது ஒரு இடம். இவ்வளவுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆள் சேர்த்தால் பெரும்பாலும் கபடி ஆடியவர்களோ தடகளம் ஓடியவர்களோதான் வந்து நிற்பார்கள். துணிச்சலுக்குக் குறை இருக்காது. விழத்தான் தெரிந்திருக்காது.

முதல் வாரமே பந்தைக் கொடுத்து "ஆடிப் பழகுங்கடா" என்று விட்டுவிடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் யாருக்காவது காறை எலும்பு முறியும். நாலாவது வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வரிசை ஆளுக்கு ஆள் தனித்தனியாக நகரும் என்பதையும் மறக்காதீர்கள்.

1. நோட்டுப் போடுங்கள்

முதல் ஆட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணுங்கள். செவ்வாய், வியாழன் மாலை, ஞாயிறு காலை என்று வைத்தால் 24 நாள் வரும். அதில் ஒருவர் 16 நாள் வந்தாலே பெரிது. பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்டைம் வரும். தறி ஓட்டுகிறவருக்கு ஷிப்ட் மாறும். ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் கம்பம் பிடுங்கும் வரை ஆளைப் பார்க்க முடியாது.

அதனால் "இது நாலாவது வாரம், எல்லாரும் டேக்கிள்" என்ற கணக்கு உதவாது. டேக்கிள் என்றால் பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது. ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த நாள், விழுந்து பழகிய நாள், டேக்கிளில் எந்தப் படி என்று மூன்றையும் எழுதுங்கள். நாலு நாள் விழுந்து பழகாத யாரும் டேக்கிளுக்குள் போகக்கூடாது. அப்படிப்பட்டவருக்கு மஞ்சள் பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத நிறத் துணி) மாட்டிவிடுங்கள். ஐந்தாவது வாரம் புதிதாகச் சேரும் ஆளை மற்றவர்கள் தெரியாமல் இடித்துவிடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

2. மண்

காய்ந்த செம்மண் சிமெண்ட் தரை மாதிரி. அதில் விழுந்து பழகச் சொன்னால் உடம்பு தானாகவே கையை ஊன்றும், அந்தப் பழக்கம் பிறகு போகாது. கரிசல் காடு என்றால் வேறு தொல்லை: காய்ந்தால் வெடிப்பில் கணுக்கால் மாட்டும், நனைந்தால் பூட்ஸில் ஒரு கிலோ மண் ஒட்டும்.

தண்ணீரைப் பயிற்சிக்கு முந்தின நாள் மாலையே விடுங்கள். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு விட்டால் மேலே சேறும் அடியில் பாறையுமாக இருக்கும். கால் வழுக்கி விழுபவருக்கு அடியும் பலமாகப் படும். வண்டிச் சாவியை மண்ணில் குத்திப் பாருங்கள், பாதியாவது சிரமமில்லாமல் இறங்க வேண்டும்.

விழுந்து பழக மட்டும் 8க்கு 8 மீட்டர் இடம் தனியாக ஒதுக்குங்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, மேலே ஒரு டிப்பர் காயர் பித் (தேங்காய் நார்த் தூள்) பரப்புங்கள். பொள்ளாச்சி, உடுமலை பக்கத்து நார் மில்களில் கிடைக்கும். 100 கன அடி லோடு என்றால் இந்த இடத்தில் சுமார் 4 சென்டிமீட்டர் கனத்துக்கு நிற்கும். அதை ஈரமாகவே வையுங்கள். காய விட்டால் ஆடிக் காற்றில் பாதி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும், மீதி கண்ணுக்குள் போகும்.

ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் எல்லாரும் கைநீள இடைவெளியில் வரிசையாக நின்று மைதானத்தை ஒருமுறை குறுக்கே நடக்க வேண்டும். கல், பாட்டில் சில்லு, நெருஞ்சி முள் எல்லாம் பொறுக்கிவிடலாம். மூன்று நிமிட வேலை.

3. சாமான்கள்

இருபது பேருக்கு 5ஆம் எண் பந்து ஆறு, கோன் 24, இரண்டு நிறத்தில் பிப் பத்துப் பத்து, மஞ்சளில் ஐந்து, கையில் பிடிக்கும் ஷீல்டு நாலு, டேக்கிள் பேக் மூன்று. பந்தில் காற்று 9.5 முதல் 10 பிஎஸ்ஐ. கல் மாதிரி அடித்து வைத்தால் புதியவர் கையில் நிற்காமல் தெறிக்கும், பந்தைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

டேக்கிள் பேக்கை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கெட்டித் தார்பாலினில் 45 சென்டிமீட்டர் விட்டமும் 130 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளையாகத் தைக்கச் சொல்லுங்கள், அடித்தையல் இரட்டையாக இருக்கட்டும். உள்ளே பனியன் வேஸ்ட். இதில் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வேஸ்ட்டை அப்படியே அள்ளிக் கொட்டி மேலே கட்டிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் அடியில் இறங்கி, இடுப்பு உயரத்தில் பை தொளதொளவென்று ஆகிவிடும். டேக்கிள் பண்ணுகிறவர் அந்த மெத்தென்ற இடத்தைத் தேடித் தலையை நுழைக்கப் பழகிவிடுவார்.

சின்னச் சின்ன அரிசிப் பைகளில் வேஸ்ட்டை இறுக்கி அடைத்து, ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கையும் காலால் மிதித்து இறுக்குங்கள். வெளிப்புறம் ஒரு அங்குல ஃபோம் சுற்றி அதற்கு மேல் தார்பாலின். மொத்த எடை 25 முதல் 30 கிலோ வந்தால் சரி. அதைவிடக் குறைந்தால் தொட்டதுமே சாயும், கையைச் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் வராது. மழையில் விடாதீர்கள். நனைந்த பனியன் வேஸ்ட் இருமடங்கு கனக்கும், நாறவும் செய்யும்.

மவுத்கார்டு ஆளுக்கு ஒன்று, கட்டாயம். கொதிநீரில் போட்டு மென்மையாக்கும் வகை போதும். பாக்கெட்டில் எத்தனை விநாடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை விநாடிதான். கூடுதலாக விட்டால் சுருண்டுவிடும். கடிக்கும்போது உதட்டை விரலால் வெளியிலிருந்து அழுத்தி, கன்னத்தை உள்ளே உறிஞ்ச வேண்டும். வாயைத் திறந்தால் அது கீழே விழக்கூடாது.

4. முதல் நாள் கேட்க வேண்டியவை

ஓட விடுவதற்கு முன் உட்கார வைத்துக் கேளுங்கள். வலிப்பு வந்திருக்கிறதா, வீசிங் உண்டா, வண்டியில் விழுந்து தலையில் அடிபட்டு மயங்கியது உண்டா, தோள்பட்டை எப்போதாவது கழன்றதா. கடைசிக் கேள்விக்குக் கபடி ஆடியவர்கள் பாதிப் பேர் "அதெல்லாம் சரியாப் போச்சுங்" என்பார்கள். அப்படிச் சொன்னவர் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரட்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், தொலைபேசியில் சொன்னால் போதாது.

காப்பு, கடுக்கன், மோதிரம், தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாணும்தான். இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிறவர் விரல் அதில் மாட்டினால் விரல் போய்விடும். வீட்டில் கழற்றச் சம்மதிக்காவிட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் நூல் கயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

ஓட்டப் பரிசோதனையை முதல் நாள் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓடாதவர் பந்தயம் மாதிரி ஓடித் தொடைப் பின்தசையை இழுத்துக்கொள்வார். மூன்றாவது நாள் ‘பிராங்கோ’ வையுங்கள்: 20, 40, 60 மீட்டரில் கோன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் போய்த் திரும்ப வேண்டும். அப்படி ஐந்து சுற்று, மொத்தம் 1200 மீட்டர். தொடக்கத்தில் ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் நல்ல உடம்பு. ஆறரை ஆனாலும் கவலையில்லை. நோட்டில் எழுதி வைத்து நாலாவது, எட்டாவது வாரங்களில் மறுபடி பாருங்கள்.

5. முதல் இரண்டு வாரம்: கால், கழுத்து, விழுதல்

ஒவ்வொரு நாளும் முதல் 20 நிமிடம் உடம்பைத் தயார் செய்ய. உலக ரக்பி அமைப்பின் ‘ஆக்டிவேட்’ பயிற்சியின் வரிசையையே வைத்துக்கொள்ளலாம்: மெதுவோட்டத்தில் திசை மாற்றுவது, ஒற்றைக் காலில் சமநிலை, பலத்துக்கான பயிற்சி, கடைசியில் குதித்து இறங்குவது.

தொடைப் பின்தசைக்கு: மண்டிபோட்டவரின் கணுக்காலைத் துணைவர் பிடித்துக்கொள்ள, முதுகு வளையாமல் முன்னால் மெல்லச் சாய வேண்டும். இரண்டு தடவை, தடவைக்கு நாலு. முதல் வாரமே பத்துப் பத்து வைத்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, வியாழக்கிழமை ஆளும் வராது.

கழுத்துக்கு: துணைவர் உள்ளங்கையை நெற்றியில் வைத்து மெல்லத் தள்ள வேண்டும், தலை அசையாமல் தாங்க வேண்டும். முன், பின், இரு பக்கம் என்று திசைக்கு 8 விநாடி, மூன்று தடவை. தள்ளுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், வெடுக்கென்று தள்ளக்கூடாது. பெண்கள் அணியில் இதற்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள். கழுத்தைச் சுழற்றுவது, நெட்டி முறிப்பது இரண்டும் வேண்டாம்.

அடுத்து விழுதல். இந்த இடத்தில்தான் "ஏனுங் மாஸ்டர், ஓடாம உருண்டுட்டே இருந்தா எப்படிங்?" என்ற கேள்வி வரும். வரட்டும். முதலில் மண்டிபோட்டு, பந்தை இரு கையாலும் மார்போடு அணைத்து, பக்கவாட்டில் விழ வேண்டும். தரையைத் தொடும் வரிசை இடுப்பு, அப்புறம் தோளின் பின்பக்கம். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு நின்றபடி, பிறகு நடந்து, பிறகு மெதுவோட்டத்தில். நிற்கும்போது முழங்கால் முதலில் மடங்க வேண்டும். பக்கத்துக்கு எட்டு, நாளுக்குப் பதினாறு.

கவனிக்க வேண்டியது கை. ஒரு கை பந்தை விட்டுத் தரையைத் தேடினால் மணிக்கட்டோ காறை எலும்போ போகும். அப்படிச் செய்கிறவரை மறுபடி மண்டிபோடும் படிக்கே அனுப்புங்கள். வெட்கப்படுவார், பரவாயில்லை.

ஓட்டத்துக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுவதால் பயன் குறைவு. ஏழு பேர் ரக்பியில் ஒரு பாதி ஏழு நிமிடம்தான், அதில் ஓடுவதெல்லாம் துண்டு துண்டாக. 40 மீட்டரை 8 விநாடியில் ஓடி, 22 விநாடி நடந்து திரும்புவது மாதிரி எட்டுத் தடவையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள்.

6. பாஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான். மூன்று மீட்டர் இடைவெளியில் நாலு பேர் நடந்தபடி தொடங்கி, பிடி தவறாமல் பத்துத் தடவை போனபின் ஐந்து மீட்டர், அப்புறம் ஓட்டம். வாங்குகிறவர் இரு கையையும் முன்கூட்டியே நீட்டிக் காட்ட வேண்டும், கொடுக்கிறவர் அந்தக் கையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் வாங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் எறிவதற்குக் காரணம் பெரும்பாலும் கை இல்லை: வாங்குகிறவர் கொடுக்கிறவரை முந்திப் போயிருப்பார். ஆடி மாதம் பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றுக்குக் குறுக்கே பாஸ் பழகினால் பழக்கமே கெடும். பாஸ் காற்றோட்டத் திசையிலேயே போகும்படி ஓட வையுங்கள்.

7. டேக்கிள்: மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வாரம் வரை

கபடி கற்றுக்கொடுத்ததில் பாதி இங்கே உதவும், பாதி ஆபத்து. எது எது என்று ஆளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

உதவுவது: தாழ்ந்து நிற்பது, காலை நெருக்கமாகக் கொண்டுபோவது, பிடித்ததை விடாத கை. உதவாதது மூன்று. ஒன்று, டேஷ். கோட்டுக்கு வெளியே தோளால் இடித்துத் தள்ளுவது கபடியில் புள்ளி. ரக்பியில் கையைச் சுற்றாமல் தோளால் இடித்தால் தவறு. இரண்டு, தொடைப் பிடியில் தலை போகும் இடம். கபடியில் ரைடர் பெரும்பாலும் விலகிப் போகிறவர், அதனால் தலை அவருக்கு முன்பக்கம் போனாலும் தப்பித்துவிடலாம். ரக்பியில் பந்தோடு ஒருவர் முழு வேகத்தில் நேராக வருகிறார். தலை முன்பக்கம் இருந்தால் அவர் முழங்காலோ இடுப்பெலும்போ பொட்டில் அடிக்கும், அல்லது இரண்டு உடம்புக்கும் அடியில் தலை மாட்டும். மூன்று, விழுந்தபின்னும் அமுக்கிப் பிடித்திருப்பது. இங்கே எதிராளி தரைக்கு வந்ததும் உடனே விட வேண்டும்.

தலை எப்போதும் பந்து வைத்திருப்பவரின் பின்பக்கம், கன்னம் அவர் பின்புறத்தில் ஒட்டியபடி. வலது தோளால் பிடித்தால் வலது காலே முன்னால். முதுகு நேராக, கண் திறந்து, அவர் டிரவுசரைப் பார்த்தபடி. முகத்தைப் பார்த்தால் ஏய்ப்பில் ஏமாறுவீர்கள், தரையைப் பார்த்தால் கழுத்து மடங்கிவிடும். பிடிக்கும் உயரம் இடுப்புக்கும் தொடை நடுவுக்கும் இடையில். தோள் கோட்டுக்கு மேலே போனால் தவறு என்பது விதி. பயிற்சியில் மார்புக்கு மேலேயே போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிகள்: இருவரும் மண்டிபோட்டு. பிறகு பிடிப்பவர் மண்டிபோட்டு, வருபவர் நடந்து. பிறகு இருவரும் நடந்து. பிறகு டேக்கிள் பேக், பை விழும் வரை காலை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மெதுவோட்டம். கடைசியாக 5 மீட்டர் அகலப் பாதையில் ஒருவருக்கு ஒருவர். ஒரு படியில் இரண்டு தோளாலும் ஆறு ஆறு சுத்தமாக வந்தால்தான் அடுத்த படி. வலது தோளால் மட்டும் நன்றாகச் செய்கிறவர் ஆட்டத்தில் இடது பக்கம் வருகிறவரையும் வலது தோளால் பிடிக்கப் போய்த் தலையைத் தப்பான பக்கம் வைப்பார்.

இதை உடம்பு சூடான உடனே செய்யுங்கள். ஓட்டமெல்லாம் முடிந்த கடைசி அரைமணியில் வைத்தால் கால் நகராது, உடம்பு நிமிரும், தலை குனியும். ஜோடி சேர்க்கும்போது எடை வித்தியாசம் 10 கிலோவுக்குள் இருக்கட்டும். "ஆம்பளையா இருந்தா மோதிப் பாரு" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தால் அன்றைக்கு டேக்கிளை நிறுத்திவிட்டுப் பாஸுக்குப் போய்விடுங்கள்.

8. ரக், அப்புறம் ஸ்க்ரம்

டேக்கிளில் விழுந்தவர் தரையில் விட்ட பந்துக்கு மேல் இரு அணியும் நின்றபடி தள்ளிக்கொள்வதுதான் ரக். விழுந்தவர் பந்தைத் தன் அணிப் பக்கம் கை நீட்டி வைத்து விட்டுவிட வேண்டும். ரைடர் கோட்டைத் தொட இழுத்துக்கொண்டு போவது மாதிரி இங்கே ஊர்ந்து போனால் எதிரணிக்குப் பெனால்டி. துணைக்கு வருகிறவர் பின்பக்கமிருந்து மட்டும், தோள் இடுப்பைவிட உயர்ந்திருக்க நுழைய வேண்டும். நடையில் சுத்தமாக வந்த பிறகுதான் ஓட்டத்தில்.

ஸ்க்ரம் என்பது ஆட்டத்தை மறுபடி தொடங்க இரு அணியும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளுவது. ஏழு பேர் ஆட்டத்தில் அதற்கு ஒரு பக்கம் மூன்று பேர். நாலு வாரம் கழுத்துப் பயிற்சி செய்தவர்கள் மட்டும் ஆறாவது வாரத்தில் தொடங்கலாம். நடுவர் சொல்லும் ‘கிரவுச், பைண்ட், செட்’ என்ற மூன்று சொல்லுக்கும் இடையில் நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் முதுகு தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது சரிந்தால் எல்லாரும் உடனே தள்ளுவதை நிறுத்த வேண்டும். இதைப் பையனும் மாஸ்டரும் தனியாக ஒத்திகை பார்க்கக்கூடாது. நடுவர் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

9. சோறு, தண்ணீர், வெயில்

எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு ஆறரைக்கு வருகிறவருக்கு ஏழரை மணிக்குக் கண் இருட்டும். ஐந்து மணிவாக்கில் இரண்டு வாழைப்பழம், ஒரு கை வேகவைத்த நிலக்கடலை. முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் இரண்டு மூன்று முட்டையும். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு புரோட்டீன் பவுடருக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் போதும். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் ஞாயிறு பயிற்சியை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். யாராவது தள்ளாடினால், உளறினால் நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். குளிர்விப்பதை வண்டி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

10. தலையில் அடி

மயங்கினாலும் மயங்காவிட்டாலும், தலைசுற்றல், குமட்டல், வெறித்த பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நல்லாத்தானுங் இருக்கறேன்" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதலில் வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். பைக்கில் தனியாக அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இரவு கூட ஒருவர் இருக்கட்டும். ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள், அதுவும் அறிகுறி எதுவும் இல்லாமல் படிப்படியாக, மருத்துவர் சரி என்ற பிறகு.

கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது என்றால் விழுந்த இடத்திலேயே அசைக்காமல் வைத்து 108. சுளுக்கு வழிப்பவரைக் கூப்பிடலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கழுத்தில் கை வைக்க விடாதீர்கள்.

11. கடைசி இரண்டு வாரம்

ஏழாவது வாரம் இரண்டு பயிற்சி ஆட்டம் வையுங்கள், முழு ஏழு நிமிடப் பாதிகளோடு, விசில் தெரிந்த ஒருவரை நடுவராக வைத்து. எட்டாவது வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஆட்டம் ஞாயிறு என்றால் கடைசி டேக்கிள் செவ்வாயோடு சரி. வியாழன் பாஸ் மட்டும். அந்த வாரம் கூடுதலாக ஓட வைத்துப் பயத்தைப் போக்கிக்கொள்ளும் மாஸ்டர்கள் சோர்ந்த அணியைத்தான் கூட்டிப் போகிறார்கள்.

சனிக்கிழமை மாலை பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். ஆணி 21 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. விளிம்பு தேய்ந்து கூராகியிருந்தால் மாற்ற வேண்டும். பிறகு நோட்டை எடுத்துப் பெயர்ப் பட்டியலைச் சரிபாருங்கள். மஞ்சள் பிப் இன்னும் கழற்றாத ஆள் ஒருவர் இருப்பார், ஏழாவது ஆளும் குறையும், "ஒரு ஆட்டந்தானுங்" என்பார்கள். அவரை இறக்காதீர்கள். தண்ணீர் கேனைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு மண்டிபோட்டு விழுவதிலிருந்து தொடங்குங்கள்.